வலது காலுக்கு ஒரு குழு

கண்ணாடிக் கிடங்கின் தரையில் அடிக்கு ஒன்றாகச் சிவப்புப் பொட்டுகள் விழுந்திருந்தன. முதலில் பார்த்தவர் மேஸ்திரி. பார்க்க வேண்டியவரும் அவர்தான். ஒன்றரை ஆள் உயரக் கண்ணாடிகளை ஆறு பேர் கை கொடுத்து வண்டியில் ஏற்றும் இடம் அது. எவன் காலில் எது குத்தினாலும் மேலே பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

"எவன்டா அது, கால்ல குத்திக்கிட்டுச் சொல்லாமத் திரியுறவன்?"

ஐந்து பேரையும் வரிசையாக நிறுத்தினார். லாடம் பார்க்கிறவர்போல ஒவ்வொருவன் காலையும் பின்பக்கம் தூக்கச் சொல்லி ஷூவின் அடியைப் பார்த்தார். எல்லாம் சுத்தம். ஆனால் பொட்டுகள் கூடிக்கொண்டே போயின. கதவோரம் போனார், அங்கே பொட்டு. எடை மேடைப் பக்கம் போனார், அங்கேயும் பொட்டு, இன்னும் ஈரம்கூடக் காயவில்லை.

"பாத்தீங்களாடா, இப்பத்தான் இந்தப் பக்கம் போயிருக்கான். நான் வர்றதுக்கும் அவன் நழுவுறதுக்கும் சரியா இருக்கு."

கூட்டத்தில் ஒருவன் அவர் மனைவியின் தம்பி. வாயை அடக்கத் தெரியாதவன், ஆனால் கண் நல்ல கண்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் அப்படியே நில்லுங்க."

"எதுக்குடா?"

"நீங்க நின்னா அவனும் நின்னுர்றான்."

வலது ஷூவைக் கழற்றியபோது உள்ளே ரத்தம் தேங்கி நின்றது. சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிச் சில்லு அடி அட்டையைத் துளைத்துப் பாதத்துக்குள் ஏறியிருந்தது. மைத்துனன் இடுக்கி கொண்டு அதை உருவினான். மேஸ்திரி முகம் சுளிக்கவில்லை. சுளிக்க ஒன்றும் தெரியவில்லை அவருக்கு.

"வலிக்கலையா மாமா?"

"துளிகூட இல்லடா. உடம்பு அப்படி!" என்றார்.

அந்தப் பெருமை நாலு நாள் ஓடியது. பதினோரு வருஷமாக உடம்பில் சர்க்கரை இருந்தது. அதை அவர் தூரத்துச் சொந்தம்போலத்தான் நடத்தினார். வந்தால் சரி, போனால் சரி, எதற்கு வந்தாய் என்று கேட்பதில்லை. நினைவு வந்தால் மாத்திரை. நினைவுபடுத்துவது மனைவியின் வேலை, அதற்காகத் திட்டு வாங்குவதும் அவள் வேலை.

ஐந்தாம் நாள் வீட்டில் நாற்றம் அடித்தது. துணி தைக்கும் ஆலையிலிருந்து வந்த மனைவி, எலி செத்துக் கிடக்கிறது என்று முடிவு கட்டினாள். கட்டிலுக்கு அடியில் தேடினாள். அலமாரியை நகர்த்திப் பார்த்தாள். நகர்த்தக் கைகொடுத்தவர் மேஸ்திரி. எலி கிடைக்கவில்லை. களைத்துப்போய் இருவரும் உட்கார்ந்த பிறகுதான், நாற்றம் தங்களோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை அவள் கண்டுபிடித்தாள்.

"ஏங்க, கால்ல இருக்குற அந்தக் கட்ட அவுருங்க."

அவிழ்த்தார். அதன் பிறகு அவள் எலியைப் பற்றிப் பேசவில்லை.

பெரிய மருத்துவமனை என்றால் பெரிய மருத்துவமனைதான். நாலு கட்டடம். முதல் கட்டடத்தில் சர்க்கரை டாக்டரம்மா. கண்ணை மூடச் சொல்லி, நைலான் நூல் ஒன்றால் பாதத்தைத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியுதுங்க."

"இப்போ?"

"நல்லாத் தெரியுதுங்க."

"நான் இன்னும் தொடவே இல்லையே."

பெரியவர்கள் கேட்டால் ஆமாம் என்று சொல்வதுதான் மரியாதை என்று மேஸ்திரி நினைத்திருந்தார். டாக்டரம்மா சீட்டில் நீளமாக எழுதினார். "காலுக்கு உணர்ச்சி போயிருச்சு. உள்ள சீழ் வெச்சிருக்கு. இனிமே நடக்கவே கூடாது. அறுவை டாக்டரப் பாருங்க, நாலாவது கட்டடம். அவர் வியாழக்கிழமைதான் இருப்பார்."

வியாழக்கிழமை நாலாவது கட்டடத்துக்கு நடந்தார்கள். அறுவை டாக்டர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "சர்க்கரை முன்னூறத் தாண்டி நிக்குது. இத இறக்கிட்டு வாங்க. ரத்த ஓட்டமும் பாக்கணும், ரெண்டாவது கட்டடம், மூணாவது மாடி. அப்புறம், இந்தக் காலோட நடக்காதீங்க."

இரண்டாவது கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. மூன்று மாடி ஏறிப் போனவரிடம் ரத்தக்குழாய் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "யாருங்க உங்கள நடக்க விட்டது?" முழங்காலுக்குக் கீழே ஓட்டம் குறைவு, எந்த இடத்தில் அடைப்பு என்று படம் எடுக்கணும், ஆனால் காய்ச்சல் இருக்கிறது, முதலில் கிருமி டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பினார். கிருமி டாக்டர் மூன்றாவது கட்டடம், செவ்வாய்க்கிழமை. அவருக்கு வேறு வருத்தம். "யாரோ மாத்திர ஆரம்பிச்சு விட்டுட்டாங்களே! எந்தக் கிருமின்னு இப்ப நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? அறுவை டாக்டர் உள்ளேருந்து சதை எடுத்துக் குடுத்தாத்தான் என்னால ஏதாவது சொல்ல முடியும்."

அறுவை டாக்டர் வியாழக்கிழமை.

இப்படி மூன்று வாரம். கோப்பு தடித்தது, காலும் தடித்தது. நடுவில் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற மட்டும் ஒரு சிஸ்டரிடம் போனார்கள். பேச்சே இல்லாதவர். பார்ப்பார், கழுவுவார், கட்டுவார், பேனாவால் காலில் ஏதோ கோடு போடுவார், அனுப்பிவிடுவார்.

"நடக்காதேன்னு சொல்றதக் கேக்குறதுக்காக இவ்ளோ தூரம் நடக்குற ஒரே ஆளு நீங்கதாங்க" என்றாள் மனைவி.

"டாக்டருங்க சொன்னதத்தானடி செய்யுறேன்."

"செய்யுங்க, செய்யுங்க. கால் கழண்டு விழுந்தா அதையும் எந்தக் கட்டடத்துல குடுக்கணும்னு கேட்டுட்டு வாங்க."

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்த ஒருவர், எடைமேடைக்காரர், முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஆரம்பத்தில் ஒரு விரல்தான். கிடங்கில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மேஸ்திரி கனவில்கூட அந்த வாசலைச் சுற்றிக்கொண்டுதான் போனார்.

அந்த வாரம் மருத்துவமனைச் சுவரில் புதுப் பலகை ஒன்று மாட்டினார்கள். 'கால் காப்புக் குழு. சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு எல்லா நிபுணர்களும் ஒரே அறையில். புதன்கிழமை காலை பத்து மணி.' மனைவி எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாள்.

"ஒரே அறையாம்."

"ஒரே நாளாமே!" என்றார் மேஸ்திரி. மூன்று வாரத்தில் அவர் முகம் மலர்ந்தது அப்போதுதான்.

புதன்கிழமை உள்ளே போனால், சொன்னது சொன்னபடி எல்லாரும் இருந்தார்கள். நீள மேசை. ஐந்து நாற்காலி. நாலில் நாலு டாக்டர்கள், ஐந்தாவதில் பதிவேடு எழுதுகிறவர். சுவரோரம் அளவு நாடாவோடு செருப்பு தைப்பவர் ஒருவர். கால் காப்பதற்காகக் கூடிய அந்த அறையில் உட்கார இடமில்லாமல் போனது அந்தக் காலுக்கு மட்டும்தான். மேஸ்திரி நின்றார். மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, கொக்கு மாதிரி.

சர்க்கரை டாக்டரம்மா ஆரம்பித்தார். "சர்க்கரைய இறக்க நான் ரெடி. ஆனா சீழ் உள்ள இருக்குற வரைக்கும் எவ்ளோ மருந்து குடுத்தாலும் அது இறங்காதே."

"சீழ எடுக்க நானும் ரெடி மேடம். முன்னூறுல வெச்சுக்கிட்டு எப்படிக் கத்தி வெக்கிறது?" என்றார் அறுவை டாக்டர்.

"வெட்டினா ஆறணும் இல்ல சார்? கீழ ரத்தமே சரியாப் போகல."

"எனக்கு ஆழத்துலேருந்து ஒரு துண்டு சதை குடுங்க. அது இல்லாம நான் குடுக்குற மருந்து இருட்டுல கல்லெறியுற மாதிரிதான்."

நாலு பேர் சொன்னதும் சரி. கஷ்டமே அதுதான். முன்பு இந்த நாலு சரிகளும் நாலு கட்டடத்தில் இருந்தன. இப்போது ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. பதிவேடு எழுதுகிறவர் எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் எழுதினார். 'வலது கால்' என்று தலைப்பிட்டு, அடிக்கோடும் போட்டார்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "கோவிச்சுக்காதீங்க டாக்டர். இதுல யாரு சொல்றது நடக்கும்?"

மேஸ்திரி தொண்டையைச் செருமினார்.

"நான் ஒண்ணு சொல்லலாங்களா? நாங்க கண்ணாடி தூக்குறவங்க. ஆறு பேர் கை வெச்சாலும் வாய் ஒருத்தனுக்குத்தான். அவன் தூக்குன்னா தூக்கணும், நில்லுன்னா நிக்கணும். அவன் சொல்லாதத ஒருத்தனும் செய்யக்கூடாது. ரெண்டு பேர் பேசிட்டா கண்ணாடி போயிரும். இங்க நான்தாங்க கண்ணாடி. குரல் யாருன்னு சொல்லிட்டீங்கன்னா எனக்கு நிம்மதி."

அறுவை டாக்டர் சிரித்துவிட்டார். "நல்லாத்தான் சொல்றார். மேடம், கேஸ் முதல்ல உங்ககிட்டதானே வந்தது?"

"ஐயையோ, சீனியர் நீங்க இருக்கும்போதா?"

"ரத்த ஓட்டம்தானே அடிப்படை, அவரே சொல்லட்டும்."

"இது கிருமிப் பிரச்சினை சார், நான் நடுவுல வரக் கூடாது" என்றார் ரத்தக்குழாய் டாக்டர்.

மூன்று வாரமாக ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிட்டது, இப்போது மரியாதையோடு நடந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போது கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. கட்டு மாற்றும் சிஸ்டர் எப்போது உள்ளே வந்தார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. தட்டைத் தரையில் வைத்து, மண்டியிட்டு, கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"யாராவது எந்திரிச்சு இவருக்கு ஒரு நாற்காலி குடுக்குறீங்களா?"

அறுவை டாக்டரே எழுந்தார். மேஸ்திரி உட்கார்ந்தார். சிஸ்டர் நாலாவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே மெல்ல அழுத்தினார். சீழ் வந்தது. மெல்லிய இரும்புக் குச்சியை அந்த வழியே உள்ளே விட்டார். அது போய் எதிலோ முட்டி நின்றது.

"எலும்பு தட்டுது" என்றார். "முந்தாநாள் நான் பேனாவால கோடு போட்டேன். சிவப்பு அதத் தாண்டி ரெண்டு விரக்கடை மேல ஏறிருச்சு. இன்னொரு புதன்கிழம இந்தக் காலுக்குக் கிடையாது."

மேஸ்திரி மனைவியின் கையைத் தேடினார். அது ஏற்கெனவே அவர் தோளில்தான் இருந்தது.

"அப்ப நீங்களே சொல்லுங்க சிஸ்டர்" என்றார் அறுவை டாக்டர். கிண்டலா, நிஜமா என்று யாருக்கும் புரியவில்லை. சிஸ்டர் நிஜம் என்றே எடுத்துக்கொண்டார்.

"இன்னைக்கே தொறக்கணும். மேடம், அதுக்குள்ள ஊசியில சர்க்கரைய இறக்குங்க, எவ்ளோ முடியுமோ அவ்ளோ. சார், தொறக்கும்போது சதையும் எலும்பும் எடுத்து நேரா இந்தக் கிருமி டாக்டர்கிட்ட அனுப்புங்க. முடிவு வர்ற வரைக்கும் இவரு பொதுவா ஒரு மருந்து ஏத்தட்டும். ரத்தக்குழாய நீங்க ரெண்டே நாள்ல திறந்து விட்டுருங்க. மூணாவது நாள் நான் கட்ட அவுத்துப் பாப்பேன்."

நாலு பேரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். மேஸ்திரிக்குக் கண் கலங்கியது. கால் போய்விடும் என்ற பயம் மட்டுமில்லை. ஒழுங்காக ஒரு குரல் கேட்டு எத்தனை நாளாயிற்று!

இரண்டு விரல்கள் போயின. கால் நின்றது. இரண்டாம் நாள் தொடை வழியே கம்பி விட்டு அடைப்பைத் திறந்தார்கள். நாலாம் நாள் கிருமியின் பேரும் வந்தது, அதற்கென்று மருந்தும் வந்தது. மனைவி எட்டு விரலையும் ஒருமுறை எண்ணிவிட்டு, "போதும். எட்டு வெச்சுக்கிட்டே என்ன ஆட்டம் ஆடப் போறீங்களோ" என்றாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது சிஸ்டர் நேராகக் கண்ணைப் பார்த்துச் சொன்னார். "இந்த வலது கால் ஆறு வாரத்துக்குத் தரையில படக்கூடாது. பட்டா எல்லாம் வீண். புரிஞ்சுதா?"

"சொல்லிட்டீங்கல்ல சிஸ்டர். படாது."

படவில்லை. அதை யாரும் மறுக்க முடியாது. நாலு கால் வைத்த இரும்பு நடைத்தாங்கி ஒன்று கொடுத்திருந்தார்கள். இரண்டு நாள் பிடித்துப் பார்த்தார். கிழவன் ஆனது மாதிரி இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து மனைவி அதில் துணி காயப் போட்டாள். மேஸ்திரி இடது காலால் தாவினார். கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு, அங்கிருந்து அடுப்படிக்கு, அடுப்படியிலிருந்து வாசலுக்கு. வலது காலை மடக்கித் தூக்கிப் பிடித்தபடி, ஒரு நாளைக்கு நூறு தாவலாவது இருக்கும். நாலாவது வாரம் மாடிப்படி இறங்கித் தெருமுனை வரை போய் வந்தார்.

மைத்துனன் பார்க்க வந்தான். "மாமா, பசங்க கேக்குறாங்க. நீங்க இல்லாம ஆளாளுக்குக் குரல் குடுக்குறானுங்க. போன வாரம் பெரிய கண்ணாடி ஒண்ணு போச்சு."

"போகும்டா. சொன்னதக் கேக்கத் தெரியணும். என்னப் பாரு. படக்கூடாதுன்னாங்க, ஒரு தடவையாவது பட்டுச்சா? உங்க அக்காவக் கேளு."

"படல படல" என்றாள் மனைவி தையலிலிருந்து தலை தூக்காமல். "தாவித் தாவித் தரையத்தான் பேத்துட்டாரு. கீழ் வீட்டுக்காரங்க வந்து மாவு இடிக்கிறீங்களான்னு கேட்டுட்டுப் போறாங்க."

ஆறாவது வாரப் புதன்கிழமை குழுவின் அறையில் ஆறு நாற்காலி இருந்தது. ஆறாவதில் மேஸ்திரி. சிஸ்டர் கட்டை அவிழ்த்தார். புண் மூடியிருந்தது. இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். நாலு டாக்டர்களும் குனிந்து பார்த்தார்கள். சர்க்கரை டாக்டரம்மா கைதட்டவே போய்விட்டார். அறுவை டாக்டர் கைபேசியில் படம் எடுத்தார். செருப்பு தைப்பவர், அளவெடுத்துத் தைத்து வந்த மெத்தை வைத்த செருப்பு ஒன்றை மாட்டிப் பார்த்தார். பதிவேடு எழுதுகிறவர், 'வலது கால்: வெற்றி' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

"வேலைக்குப் போகலாங்களா?" என்றார் மேஸ்திரி. அதைக் கேட்கத்தான் ஆறு வாரமும் காத்திருந்தார்.

"அந்தக் கால்?" என்றார் சிஸ்டர்.

"எது சிஸ்டர்?"

"ஷூவுக்குள்ள இருக்கே, அது."

"அது நல்ல காலாச்சே! இத்தன நாளும் அதுதானே எல்லா வேலையும் பாத்துச்சு."

"கழட்டுங்க."

"குறிப்புல வலது கால்தான் சிஸ்டர் இருக்கு" என்றார் பதிவேட்டுக்காரர். "இடதுக்குன்னா புதுச் சீட்டுப் போட்டு, முதல் கட்டடத்துலேருந்து..."

சிஸ்டர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பதிவேட்டுக்காரர் பேனாவை மூடி வைத்தார்.

ஷூ கழன்றது. மேஸ்திரி சிரித்துக்கொண்டுதான் காலை நீட்டினார். சிஸ்டர் பாதத்தைத் திருப்பிப் பிடித்தார். கட்டைவிரலுக்குக் கீழே, நூறு தாவலும் இறங்கிய இடத்தில், கோலிக் குண்டு அளவுக்கு ஒரு கொப்புளம். நீர் கோத்து, ஓரம் சிவந்து, இன்றோ நாளையோ உடைவதற்குத் தயாராக.

"வலிச்சுதா?"

"இல்லையே" என்றார் மேஸ்திரி. இந்த முறை அதில் பெருமை இல்லை. எடைமேடைக்காரரின் வாசல் கண்முன் வந்து நின்றது. சுற்றிப் போக வழியில்லை.

"சிஸ்டர், நீங்க வலது காலுன்னுதானே சொன்னீங்க? நீங்க சொன்னத ஒண்ணுவிடாமச் செஞ்சேனே!"

"செஞ்சீங்க" என்றார் சிஸ்டர். "சொல்லாததச் செய்யக் கூடாதுன்னு நீங்க அன்னைக்கே சொன்னீங்க. எனக்குத்தான் உறைக்கல. நான் ரெண்டு காலுக்கும் சேத்துச் சொல்லியிருக்கணும்."

நாலு டாக்டர்களும் தரையைப் பார்த்தார்கள். ஆறு வாரம், ஆறு நிபுணர்கள். ஒரு மனிதனுக்கு இரண்டு கால் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

"உடையல" என்றார் சிஸ்டர். "உடையாம இருக்குறப்பவே பாத்துட்டோம். சுத்தம் பண்ணி, மெத்த வெச்சுக் கட்டுறேன். பத்து நாள்ல அமுங்கிரும். ஆனா இன்னைக்குத் தரையில ரெண்டும் படக்கூடாது. வலது, இடது, ரெண்டும். சரியா?"

"ரெண்டும் படாம எப்படி சிஸ்டர் வீட்டுக்குப் போறது? இனி கையாலதான் நடக்கணும்."

"ஏங்க, அதையும் செஞ்சு காட்டிராதீங்க" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சக்கர நாற்காலி இருந்தது. தள்ளுகிறவர் இல்லை, சாப்பிடப் போயிருந்தார். எப்போது வருவார் என்று பதிவேட்டுக்காரருக்குத் தெரியாது. சிஸ்டரின் கை கட்டுத் துணியில் இருந்தது. "என்ன சார் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார் அவர்.

அறுவை டாக்டர் கைப்பிடியைப் பிடித்தார். தள்ளினார். நகரவில்லை. செருப்பு தைப்பவர் குனிந்து பிரேக்கை எடுத்துவிட்டார். சர்க்கரை டாக்டரம்மா கதவைத் திறந்து பிடித்தார். ரத்தக்குழாய் டாக்டர் மாத்திரைப் பையையும், கிருமி டாக்டர் கழற்றிய ஷூவையும் தூக்கிக்கொண்டார்கள். ஒற்றைச் செருப்பைத் தைத்துக்கொண்டு வந்தவர், இன்னொன்றுக்கு அளவெடுக்க நாடாவை நீட்டியபடியே கூட நடந்தார். மேஸ்திரி இரண்டு கால்களையும் நேராக நீட்டி, மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி உட்கார்ந்திருந்தார்.

இந்த ஊர்வலம் சரிவுப் பாதையில் இறங்கி வாசலுக்கு வந்தபோது காவலாளி பதறி எழுந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு டாக்டர் நாற்காலி தள்ளி அவர் பார்த்ததில்லை. நாலு பேர் சேர்ந்து வருகிறார்கள் என்றால் உள்ளே இருப்பவருக்கு என்ன நிலைமையோ! தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மனைவியின் பக்கம் ஓடி வந்தார்.

"என்னம்மா ஆச்சு? ரொம்ப மோசமா?"

"கொப்புளங்க" என்றாள் அவள்.